நாலு நிமிஷ மந்திரமா?

எளாவூரிலிருந்து ஒரு தங்கை கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று இரண்டு தடவை அடிக்கோடிட்டுக் கேட்டிருப்பதால் போடவில்லை. சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் மார்க்கத்தில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷன் எளாவூர். அந்தப் பக்கமெல்லாம் பழவேற்காடு ஏரியை நம்பிப் பிழைக்கும் ஊர்கள். இனி அவர் எழுத்திலேயே:

"அக்கா, எனக்கு 27 வயசு. பெரியவனுக்கு நாலு வயசு, சின்னவளுக்கு ஏழு மாசம். ரெண்டும் ஆபரேஷன்தான். கல்யாணத்தப்ப 52 கிலோ, இப்ப 68. நாலே நிமிஷத்துல உடம்பு இளைக்கிற பயிற்சின்னு செல்போன்ல ஒரு பொண்ணு செஞ்சு காட்டிச்சு. இருபது செகண்டு குதிக்கணும், பத்து செகண்டு நிக்கணும், இப்படி எட்டு தரம். மூணாவது தரத்துலயே எனக்குக் கண்ணை இருட்டிக்கிட்டு வந்துடுச்சு. அதோட... எழுதவே கூச்சமா இருக்கு, பாவாடை நனைஞ்சு போச்சு. யார்கிட்டயும் சொல்லலை, வீட்டுக்காரர்கிட்டகூட. எங்க மாமியார் அந்தக் காலத்துல மீன் கூடையைத் தலையில வச்சு ஊர் ஊரா நடந்து வித்தவங்க. 'வீட்டு வேலையை ஒழுங்காச் செஞ்சா இந்தக் குதியாட்டம் எதுக்கு?'ன்னு கேக்கறாங்க. எனக்கு இதெல்லாம் ஆகாதா அக்கா? விட்டுடட்டுமா?"

விட வேண்டாம், தங்கச்சி. ஆனால் ஏணியின் மேல்படியில் முதல் காலை வைத்துவிட்டீர்கள். கீழ்ப்படியிலிருந்து ஏறலாம், வாருங்கள். கண் இருட்டியதும் பாவாடை நனைந்ததும் வெட்கப்பட வேண்டிய சமாசாரமே இல்லை. உடம்பு உங்களுக்குப் போட்ட இரண்டு தபால்கள் அவை. அவற்றைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

முதலில், இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் 'ஹை இன்டென்ஸிட்டி இன்டர்வல் டிரெய்னிங்' என்று நீட்டி முழக்குகிறார்கள். விட்டு விட்டுச் செய்யும் தீவிரப் பயிற்சி, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்க வேலை, கொஞ்ச நேரம் ஆசுவாசம், மறுபடி வேலை. இது செல்போன் கண்டுபிடித்த புதுமை அல்ல. செக்கோஸ்லோவாகியாவில் எமில் ஜாடோபெக் என்று ஒரு ஓட்டக்காரர் இருந்தார். 400 மீட்டர் வேகமாக ஓடுவார், பிறகு மெல்ல ஓடி மூச்சைச் சேர்த்துக்கொள்வார், மறுபடி வேகம். இப்படியே பத்து இருபது என்று அடுக்கிக்கொண்டு போவார். 1952ல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம்! (அவர் மனைவி டானாவும் சளைத்தவர் இல்லை. கணவர் 5,000 மீட்டரில் ஜெயித்த அதே நாளில் அவர் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார். இருவரும் பிறந்ததும் ஒரே வருஷம், ஒரே தேதி. பொருத்தம் என்றால் இதுவல்லவா பொருத்தம்!)

நம் தங்கை பார்த்த 'இருபது செகண்டு, பத்து செகண்டு' கணக்கு ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே ஐஸ் மேல் சறுக்கி ஓடும் வீரர்களுக்காக அவர்களுடைய பயிற்சியாளர் வைத்திருந்த முறை அது. இஸூமி தபாட்டா என்ற விஞ்ஞானி அதை ஆறு வாரம் சோதித்துப் பார்த்து 1996ல் வெளியிட்டார். நாலு நிமிஷ வேலையில் மூச்சுத்திறன் கணிசமாகக் கூடியது என்பது உண்மைதான். ஆனால் யார் மேல் சோதித்தார்? ஏற்கனவே விளையாடிப் பழகிய, உடற்பயிற்சியையே பாடமாகப் படிக்கிற வாலிபர்கள் மேல். அதுவும் பரிசோதனைச் சாலையில், நிலையான சைக்கிளில், இனி ஒரு மிதிகூட முடியாது என்று கால் ஓய்கிற வரைக்கும். அந்த நாலு நிமிஷத்துக்கு முன்னால் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளத் தனியாகப் பத்து நிமிஷம். இதை எந்தப் படம் காட்டுகிறது? ஏழு மாசக் கைக்குழந்தையோடு ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிற பெண்ணுக்கு அந்தக் கணக்கைக் கொடுப்பது, தவழும் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கித் தருகிற மாதிரிதான்.

அப்படியானால் நமக்கு இதில் பிரயோஜனமே இல்லையா? இருக்கிறது, நிறைய இருக்கிறது. அதே ஜப்பானில், மாட்சுமோட்டோ நகரத்தில் இருக்கும் ஷின்ஷு பல்கலைக்கழகத்தார், வயதானவர்களுக்கென்று ஒரு நடையைக் கண்டுபிடித்தார்கள். மூன்று நிமிஷம் விறுவிறு என்று நடை, மூன்று நிமிஷம் சாவகாசமான நடை. இப்படி ஐந்து சுற்று, வாரத்தில் நாலு நாள். ஐந்து மாசம் கழித்துப் பார்த்தால், ஒரே சீராக நடந்தவர்களைவிட இப்படி மாற்றி மாற்றி நடந்தவர்களுக்குத் தொடையில் பலம் கூடியிருந்தது, ரத்த அழுத்தமும் அதிகம் இறங்கியிருந்தது. 2007ல் வந்த சேதி இது. குதிக்கவில்லை, தாவவில்லை, ஒரு பைசா செலவில்லை. என் ஓட்டு இந்த நடைக்குத்தான்.

விட்டு விட்டுச் செய்வதில் என்ன சூட்சுமம் என்கிறீர்களா? ஒரே மூச்சாக வேகமாக நடக்கச் சொன்னால் ஐந்தாவது நிமிஷத்தில் உட்கார்ந்துவிடுவோம். நடுவில் இளைப்பாறினால், மொத்தத்தில் பதினைந்து நிமிஷம் வேகமாக நடந்திருப்போம். அந்தப் பதினைந்து நிமிஷமும் இருதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் நிறைய ரத்தத்தை இறைக்கப் பழகுகிறது. சதைக்குள்ளே மைட்டோகாண்ட்ரியா என்று கண்ணுக்குத் தெரியாத குட்டி அடுப்புகள் உண்டு. சாப்பாட்டை எரித்துச் சக்தியாக்குவது அவைதான். பழகப் பழக அந்த அடுப்புகள் பெருகுகின்றன. வேலை செய்யும் சதை, இன்சுலின் வந்து கதவைத் திறக்கட்டும் என்று காத்திராமல், ரத்தத்திலிருக்கும் சர்க்கரையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. சர்க்கரைக்காரர்களுக்கு இது எத்தனை பெரிய உபகாரம்! இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023ல் வெளியான பெரிய ஆய்வு சொல்கிறது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறி, பிரசவத்தோடு இறங்கிவிட்டதே என்று நிம்மதியாக இருக்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். மற்றவர்களைவிட உங்களுக்குப் பிற்காலத்தில் அது நிரந்தரமாக வந்து உட்கார வாய்ப்பு பல மடங்கு. பிரசவமாகி ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அப்புறமும் வருஷம் தவறாமல் பார்ப்பது நல்லது.

இளைப்பைப் பற்றி மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயிற்சி தொந்தியைத் தனியாகக் கரைக்கும் என்பது வெறும் விளம்பரப் பேச்சு. எடை குறைவதில், சாதாரணமாக அரை மணி முக்கால் மணி நடப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நேரம் மிச்சம், மூச்சுத்திறன் அதிகம், இந்த இரண்டுதான் இதன் லாபம். 16 கிலோவும் தட்டில் இருக்கும் சோற்றையும், குழந்தை மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாதே என்று நாம் வாயில் போட்டுக்கொள்வதையும் பார்த்துத்தான் இறங்கும்.

இப்போது மாமியார் கேட்ட கேள்விக்கு வருவோம். பெரியவர்கள் சொல்வதைத் தள்ளிவிடக் கூடாது. அவர் கேட்டதில் பாதி நியாயம். ஏரிக்கரையில் மீனை வாங்கிக் கூடையோடு தலைச்சுமையாக நடந்து, வியாபாரம் முடிந்து வெறுங்கூடையோடு திரும்பியவருக்குத் தனியாக ஒரு உடற்பயிற்சி எதற்கு? சுமையோடு எட்டு நடை, இறக்கி வைத்து விலை பேசும் இடத்தில் ஓய்வு, மறுபடி நடை. இதுவும் விட்டு விட்டுச் செய்த வேலைதானே! உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்தியதும், ஆட்டுக்கல்லில் கை மாற்றி ஆட்டியதும் அதே ரகம்தான். அந்த உரல் இன்று கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது. கிரைண்டர் ஆட்டுகிறது, மிக்ஸி அரைக்கிறது, மகன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்ச் சம்பளம் கொண்டு வருகிறான். மருமகள் நாள் பூராவும் வேலை செய்கிறாள்தான், இடுப்பொடிகிறதுதான். ஆனால் பெருக்குவதும் துலக்குவதும் மூச்சு வாங்க வைக்கிற வேலைகள் இல்லை. களைப்பு வேறு, பயிற்சி வேறு.

வீட்டு வேலைக்குள்ளேயே பயிற்சியை ஒளித்து வைக்க முடியாதா என்றால், முடியும். பிரிட்டனில் தனியாக உடற்பயிற்சி எதுவும் செய்யாத, நடுத்தர வயதைத் தாண்டிய ஆயிரக்கணக்கான பெண்களின் கையில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டி வருஷக்கணக்கில் கவனித்தார்கள். மாடிப்படியை மளமளவென்று ஏறுவது, சாமான் பையோடு விறுவிறு என்று நடப்பது போல, ஒரு நாளைக்கு மூன்று நாலு நிமிஷம் துண்டு துண்டாக மூச்சு வாங்கிய பெண்களுக்கு, அதுகூட இல்லாதவர்களைவிட மாரடைப்பு போன்ற ஆபத்துகள் ஏறக்குறைய பாதிதான் இருந்தனவாம். 2024ல் வெளியானது. இது கவனித்துச் சொன்ன கணக்கே தவிர, செய்து நிரூபித்த கணக்கு இல்லை. வேகமாகப் படியேறுகிறவர் முதலிலேயே ஆரோக்கியமானவராக இருந்திருக்கலாம் அல்லவா? இருந்தாலும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது சலித்துக்கொள்ளாமல் இருக்க இது ஒரு காரணம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. பழவேற்காடு ஏரியில் இருளர் சமூகத்துப் பெண்கள் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் இறாலைப் போடும் பறியைப் பல்லால் கடித்துத் தூக்கிக்கொள்வார்கள். மணிக்கணக்கில் இந்த வேலை! அவர்களைப் பார்த்து 'நல்ல எக்ஸர்ஸைஸ்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். அந்தச் சகோதரிகளுக்கு வேண்டியது இன்னும் கொஞ்சம் உழைப்பு அல்ல. நல்ல சாப்பாடு, காய்ந்த துணி, முதுகு நிமிர்த்திப் படுக்க நேரம். அந்தக் காலத்து உழைப்பாளிப் பெண்கள் எல்லாரும் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்பதும் நாமாகக் கட்டிய கதை. கர்ப்பப்பை இறங்கியும் வெளியே சொல்லாமல் சுமை தூக்கியவர்கள் எத்தனை பேர்! சுமைக்கு நடுவில் இஷ்டப்பட்டபோது நிறுத்த முடிந்தால்தான் அது பயிற்சி. நிறுத்தினால் கூலி போய்விடும் என்றால் அது வேலை.

சரி, தபால்களைப் பிரிப்போம்.

கண் இருட்டியது முதல் தபால். சாப்பிடாமல் குதித்தீர்களா, முந்தின ராத்திரி தூங்கினீர்களா என்பதெல்லாம் ஒரு பக்கம். நான் முதலில் சந்தேகப்படுவது ரத்த சோகையை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்த சோகை. அதாவது, நீங்களும் பக்கத்து வீட்டுக்காரியும் பேசிக்கொண்டிருந்தால் உங்களில் ஒருவருக்கு இருக்கும்! பிராணவாயுவைச் சுமந்து போகும் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால், இருதயம் அதே வேலைக்கு இரண்டு நடை அதிகம் நடக்க வேண்டியிருக்கிறது. அந்த நிலையில் குதிக்கவும் சொன்னால் பாவம், அது என்ன செய்யும்? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். பத்து, ஒன்பது என்று இருந்தால், டாக்டர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை முறையாகச் சாப்பிட்டு ஏற்றிக்கொண்ட பிறகுதான் தீவிரப் பயிற்சி. அதுவரை சாதாரண நடை போதும். மாத்திரை போட்டதும், சாப்பிட்டு முடித்ததும் டீ குடிக்காதீர்கள். டீ இரும்பைச் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்க்கும். ஏரிக்கரை ஊரில் மீனுக்கும் இறாலுக்கும் பஞ்சமா? நல்லதையெல்லாம் லாரிக்கு அனுப்பிவிட்டு, வீட்டு ஆண்களுக்குப் போட்டது போக மிஞ்சிய குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளாமல், மடவையில் ஒரு துண்டம் உங்கள் தட்டிலும் விழட்டும். முருங்கைக்கீரையோடு மீனும் சேர்ந்தால் கீரையின் இரும்பும் கூடுதலாக உடம்பில் ஒட்டும்.

பாவாடை நனைந்தது இரண்டாவது தபால். இதைப் பற்றி வருகிற கடிதங்கள் எல்லாமே 'பெயர் போடாதீர்கள்' கடிதங்கள்தான். இடுப்புக்கூட்டின் அடியில், தூளித் துணி மாதிரி சில தசைகள் விரிந்திருக்கின்றன. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அந்தத் துணிதான் தாங்குகிறது. பத்து மாசம் சுமந்ததில் துணி தளர்ந்துபோகிறது. இருமினால், தும்மினால், குதித்தால் சொட்டு ஒழுகுகிறது. 'எனக்கு ஆபரேஷன்தானே, அப்படி வரக்கூடாதே' என்று நினைக்க வேண்டாம். சுமந்தது சுமந்ததுதான். (அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 100க்கு 45 ஆபரேஷன். அதைப் பற்றி இன்னொரு இதழில் பேச வேண்டும்.)

இதற்கு வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது. அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கெகல் 1948ல் எழுதியதிலிருந்து உலகம் பூராவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூத்திரத்தையும் வாயுவையும் அடக்குவதாக நினைத்து, அந்த வழியை உள்ளேயும் மேலேயும் இழுத்துப் பிடியுங்கள். தொடை, பிருஷ்டம், வயிறு எதுவும் இறுகக் கூடாது. மூச்சை அடக்கவும் கூடாது. மனசுக்குள் ஐந்து எண்ணி விடுங்கள், ஐந்து எண்ணி இளைப்பாறுங்கள். எட்டிலிருந்து பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பழகப் பழக ஐந்தைப் பத்தாக்குங்கள். பால் கொடுக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, மாமியாரோடு சீரியல் பார்க்கும்போது செய்யலாம், ஒருவருக்கும் தெரியாது! மூத்திரம் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள், அது கெடுதல். குறைந்தது மூன்று மாசம் விடாமல் செய்ய வேண்டும். அப்படியும் ஒழுகினாலோ, கீழே ஏதோ கட்டி மாதிரி இறங்குவதாகத் தோன்றினாலோ, பெண் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். அவர் தினம் நாலு பேரிடம் கேட்கிற சங்கதிதான். சொட்டு நிற்கிற வரை குதிப்பு, ஓட்டம், கயிறு தாண்டல் மூன்றுக்கும் விடுமுறை.

வேறு சிலரும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. ரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு, ஆஸ்துமா, தைராய்டு உள்ளவர்கள், படியேறினாலே மார்பு படபடப்பவர்கள், இப்போது கர்ப்பமாக இருப்பவர்கள். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, மூன்று வாரத்துக்கு ஒரு தரம் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்ட ஞாபகம் உண்டா? அப்படியானால் கட்டாயம் கேட்க வேண்டும். அந்தக் காய்ச்சல் இருதய வால்வில் தழும்பு விட்டுப் போயிருக்கலாம். பிரசவம் ஆனவர்கள், தையல் நன்றாக ஆறி டாக்டர் சரி சொன்னதும் மெல்ல நடக்க ஆரம்பிக்கலாம். ஓட்டம், குதிப்பு எல்லாம் மூன்று மாசத்துக்கு முன்னால் கூடவே கூடாது.

எங்கே ஆரம்பிப்பது? தெருவில் இருக்கும் மின்சாரக் கம்பங்களிலிருந்து! ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை, ரயில் வந்துவிட்டது, டிக்கெட் இன்னும் வாங்கவில்லை என்கிற வேகத்தில் நடங்கள். அதற்கடுத்த இரண்டு கம்பம் வரை, கோயிலுக்குப் போய்த் திரும்புகிற நடை. முதல் இரண்டு வாரம் இதுவே போதும், வாரத்தில் மூன்று நாள், கால் மணி நேரம். முதல் மூன்று நிமிஷமும் கடைசி மூன்று நிமிஷமும் மெதுவாக. மூன்றாவது வாரத்திலிருந்து வேகத்தையும் ஓய்வையும் கடிகாரம் பார்த்து ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு படிப்படியாக அந்த மாட்சுமோட்டோ நடைக்கு வந்துவிடலாம், மூன்றுக்கு மூன்று, ஐந்து சுற்று. அதற்கு ஆறு வாரம் ஆனாலும் சரி, எட்டு வாரம் ஆனாலும் சரி, யாரும் பரிசு தரப்போவதில்லை.

வேகம் சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாயைக் கேளுங்கள். பாட வந்தால் அது உலாத்தல். பேச வருகிறது, பாட வரவில்லை என்றால் நடுத்தரம். இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் தீவிரம், நமக்கு வேண்டியது நடுத்தரத்துக்கும் இதற்கும் நடுவே. ஒரு வார்த்தையும் வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். கணக்குப் பிடித்தவர்களுக்கு நாடி இருக்கிறது. 220லிருந்து வயதைக் கழித்தால் இருதயத்தின் உச்சத் துடிப்பு, தோராயமாக. நம் தங்கைக்கு 193. அதில் 100க்கு 80 பங்கு, ஏறக்குறைய 154. வேகம் முடிந்ததும் மணிக்கட்டைப் பிடித்து 15 செகண்டு எண்ணினால் 38 வர வேண்டும். எனக்கென்னவோ வாய்தான் சுலபம் என்று படுகிறது.

நடை பழகி, ரத்தமும் ஏறி, சொட்டும் நின்ற பிறகு, மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே செய்ய ஒரு முறை. அரை நிமிஷம் வேலை, ஒன்றரை நிமிஷம் ஓய்வு. ஓய்வு என்றால் உட்காருவது இல்லை, மெல்ல நடை. முதல் தடவை, ஆடாத நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. அடுத்தது, நின்ற இடத்தில் முழங்காலை இடுப்பு வரை தூக்கி நடப்பது. மூன்றாவது, வாசற்படியில் ஏறி இறங்குவது, ஒரு தடவை வலது கால் முதலில், மறு தடவை இடது கால். நாலாவது, சுவரில் இரண்டு கையையும் ஊன்றி முழங்கையை மடக்கி நீட்டுவது. முதலில் ஒரு சுற்று, மாசக் கடைசியில் இரண்டு சுற்று. வாரத்தில் இரண்டு நாள் போதும், அடுத்தடுத்த நாள் வேண்டாம். மற்ற நாளில் நடை. குதிப்பே இல்லையா என்று கேட்காதீர்கள். குதிக்காமலே மூச்சு வாங்கும், செய்துதான் பாருங்களேன்! மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுவில் கூடாரம் மாதிரி புடைத்தால், படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியை இப்போது தொடாதீர்கள்.

குக்கர் மூன்று விசில் வருவதற்குள் முடித்துவிடலாமே என்று யோசிப்பீர்கள். எனக்குத் தெரியும்! வேண்டாம். அடுப்படியில் ஈரத்தரை, பக்கத்தில் நெருப்பு, காலடியில் குழந்தை. கூடத்திலோ மொட்டை மாடியிலோ செய்யுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், வெறும் வயிறாகவும் இருக்கக் கூடாது. ஒரு வாழைப்பழம் போதும். ஏரிக்காற்றும் கடற்காற்றும் சேர்ந்த ஊரில் வியர்வை காயாது, உடம்புச் சூடு வெளியேறாது. அதனால் சித்திரை வைகாசியில் சூரியன் கிளம்புமுன் முடித்துவிடுங்கள். பிறகு உப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோ ஒரு சொம்பு. புடவையைவிடப் பருத்திச் சுடிதார் சௌகரியம். பால் கொடுப்பவர்கள் மார்பை நன்றாகத் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வலிதான் மிச்சம்.

'ஓடியாடினால் பால் வற்றிவிடும்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வற்றாது. குழந்தையின் வளர்ச்சியும் குறையாது. கிளம்புமுன் பால் கொடுத்துவிட்டால் உங்களுக்குப் பாரமும் குறையும், குழந்தையும் தூங்கும். பட்டினி கிடந்து இளைக்கப் பார்த்தால்தான் பாலுக்கு மோசம்.

தனியாகச் செய்யக் கூச்சமாக இருந்தால் கூட்டம் சேருங்கள். சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்த விட்டு விட்டுச் செய்யும் பயிற்சியையே நடனமாக மாற்றி, 'தாண்டவ்' என்று பெயர் வைத்துப் பள்ளி வயதுப் பெண்களையும் அவர்களுடைய அம்மாக்களையும் ஆட வைத்தார்கள். மைதானத்தில் இறங்கக் கூச்சப்படும் பெண்கள் வீட்டுக்குள்ளேயே ஆடலாம் என்கிற யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. உங்கள் தெருவில் கும்மி தெரிந்த ஒரு கிழவியாவது இருப்பார். அரை நிமிஷம் வேகக் கும்மி, ஒன்றரை நிமிஷம் மெதுக் கும்மி. மாமியார்களையும் சேர்த்துக்கொள்ளலாம், மெதுப் பாகத்தில் அவர்கள் பாடட்டும்! சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் மாமியாராக இருந்தால், நடுவில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் வாயில் போட்டுக்கொள்ள, முந்தானையில் இரண்டு மிட்டாய் முடிந்துகொண்டு வரச் சொல்லுங்கள்.

ஜலதோஷம் என்றால் நடை மட்டும் போதும். காய்ச்சல் என்றால் எதுவும் வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில் டெங்குவோ மலேரியாவோ வந்து எழுந்தவர்கள், டாக்டர் சரி சொன்ன பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடராமல் மறுபடி மின்சாரக் கம்பத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். மாதவிலக்கு நாட்களில் செய்யலாமா என்று போன மாசமே இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தாராளமாகச் செய்யலாம். உதிரப்போக்கு அதிகமாக இருக்கும் நாளில் மட்டும், அசதியாக இருந்தால் வேகப் பாகத்தை விட்டுவிட்டு மெதுவாக நடந்துவிட்டு வாருங்கள். அப்படி மாசாமாசம் அசதியாகவே இருந்தால், மறுபடி அந்த ஒரு சொட்டு ரத்தப் பரிசோதனைதான்.